குடி நோய்க்கு வைத்தியமும் செலவும்

வழக்கமாக இந்த மலருக்கு நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றித்தான் எழுதுவேன். இந்தத் தடவை விஷயம் வேறு. சொல்லக் கூச்சம்தான். ஆனால் வெளிமாநிலத்தில் இருக்கிற நம்மவர் வீடுகளில் இதை மூடி மூடியே காலம் போகிறது.

என் மைத்துனர் குடிப்பார். நாங்கள் நயினார் குடும்பம். மது, ஊன், தேன் மூன்றையும் விலக்கியவர்கள் என்று பெயர். அதனாலேயே வெளியில் மூச்சுவிடவில்லை. 2021இல் பெங்களூருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் 60,000 ரூபாய் முன்பணம் கட்டிச் சேர்த்தோம். அங்கே டாக்டர் என்று ஒருவரும் கண்ணில் படவில்லை. பதினோராம் நாள் அழைத்து வந்துவிட்டோம், பணம் திரும்பவில்லை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் மருந்தை 95ஆம் அதிகாரமாகவும் வைத்தார். நடுவில் இருப்பது சூது. எங்கள் வீட்டில் நடந்தது அந்த நடு அதிகாரம்தான்.

மறுபடி குடித்தார். மாமியார் சொன்னபடி வீட்டிலேயே ஓர் அறையில் வைத்துப் பூட்டினோம். இரண்டாம் நாள் விடியற்காலை வலிப்பு வந்துவிட்டது.

பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டி நடுக்கம், காய்ச்சல், இல்லாததைக் கண்டு பிதற்றுவது எல்லாம் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்தை அளந்து கொடுத்து நாளுக்கு நாள் குறைக்கிறார்கள், பி1 வைட்டமின் ஊசி போடுகிறார்கள். பூட்டு வைத்தியம் ஆகாது. குடியை வெறுக்க வைக்கும் மாத்திரையைத் தெரியாமல் சாம்பாரில் கலப்பவர்களும் உண்டு. அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து பெரிய ஆபத்தாகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு நாள். பில்லை இன்சூரன்ஸுக்கு அனுப்பினேன், தள்ளிவிட்டார்கள். அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. மது, போதைப் பழக்கத்தை ஒட்டிய மனக்கோளாறும் அந்தச் சட்டத்தின் விளக்கப்படி மனநோய்தான். ஆனால் பாலிசித் தாளின் விலக்குப் பட்டியலில் குடி, போதை, எந்த அடிமைப் பழக்கமானாலும் அதற்கான சிகிச்சையும் 'அதன் விளைவுகளும்' சேராது என்று போட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஏட்டில் பாடபேதம் பார்த்த மாதிரி இருக்கும். 'விளைவுகள்' என்ற அந்த ஒரு சொல்லில் எங்கள் வலிப்புச் செலவு அடிபட்டது. உங்கள் பாலிசியையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மனச்சோர்வு, மனச்சிதைவு போன்றவற்றுக்கு இன்சூரன்ஸ் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் சாதாரண பாலிசி படுக்கையில் சேர்ந்தால்தான் தரும். மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பதும் மாத்திரையும் கைக்காசுதான்.

ஆகவே குடிக்கு முதலில் போக வேண்டியது அரசு ஆஸ்பத்திரி. நாங்கள் அங்கே கடைசியாகப் போனோம். பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. டெல்லிக்காரர்களுக்கு எய்ம்ஸின் மையம் காசியாபாத்தில் இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவைக் கேளுங்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் மானியத்தில் நடக்கும் இலவச மையங்களும் உண்டு, 14446இல் விசாரிக்கலாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். மனசுக்குள் இருப்பதைக் கன்னடத்திலோ இந்தியிலோ சொல்ல வருமா? நம்ம பாஷை வேணும்.

தனியார் இல்லம்தான் என்றால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மனநல டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், வீட்டார் பார்க்க விடுவார்களா, ரசீது உண்டா? ஆள் அனுப்பித் தூக்கிப் போகிறோம் என்றால் வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடிக் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலி அவர்களை ஓடவிடவில்லை. இப்போது சங்கிலியிடுவதைச் சட்டம் தடுக்கிறது.

மைத்துனர் அதன் பிறகும் இரண்டு தடவை சறுக்கினார். இப்போது மாத்திரை, ஆலோசனை என்று தவறாமல் போகிறார். பகலில் என் பாத்திரக் கடையில் கல்லாவில் உட்காருகிறார். அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அவரிடம் படித்துக் காட்டினேன். "அந்த அறுபதாயிரத்தை மட்டும் எடுத்துடாதீங்க மாமா, அதைப் பார்த்தாதான் ஆளுங்க உஷாராவாங்க" என்றார்.