எந்தத் தோட்டம் என்று கேட்க ஆளில்லை

தஞ்சோங் ரம்புத்தானில் ஓர் அக்காவின் அடுப்படி அலமாரியில் வானொலிப் பெட்டி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் தலையில் மஞ்சள் தூள் டப்பா. ஏரியலில் ரப்பர் பேண்டுகளைக் கோத்து வைத்திருக்கிறார். வெங்காயம் உரித்துக்கொண்டே, நேயர்கள் தொலைபேசியில் பேசும் அந்தக் காலை நிகழ்ச்சியைக் கேட்பது அவருக்கு இருபது வருடத்துக்கும் மேலான பழக்கமாக இருந்தது. "எப்போக்கா விட்டீங்க?" என்று கேட்டேன்.

"விட்டேன்னு இல்ல தம்பி. ஒரு நாள் போட மறந்துட்டேன். மறந்ததே ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சிச்சு."

நிகழ்ச்சியின் பெயரை எழுதத் தேவையில்லை. காலையில் அடுப்படியில் நிற்கும் யாருக்கும் அது தெரியும். அறிவிப்பாளர்கள் மாறினார்கள், நேரம் மாறியது, தொடக்க இசை மூன்று முறை மாறியது. தலைப்புகள் மட்டும் மாறவில்லை. மாமியார் மருமகள், பிள்ளைகளின் கைப்பேசி, தீபாவளிச் செலவு என்று வருடாவருடம் அதே வரிசை. தலைப்புப் பழசானதால்தான் பழைய நேயர்கள் போய்விட்டார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பத்து நாள் ஈப்போவிலும் செம்மோரிலும் சுங்கை சிப்புட்டிலும் வீடு வீடாக உட்கார்ந்து கேட்ட பிறகு சொல்கிறேன், இவர்களில் ஒருவர்கூடத் தலைப்புக்காக அந்த நிகழ்ச்சியைக் கேட்டவர் இல்லை.

முன்பெல்லாம் அழைப்பவர் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வார் என்பதை நினைத்துப் பாருங்கள். பெயர், இப்போது குடியிருக்கும் தாமான், அதற்குப் பிறகு "முன்ன இந்தத் தோட்டத்துல இருந்தோம்." அறிவிப்பாளரும் விடமாட்டார். எந்த டிவிஷன், யார் வீட்டுப் பிள்ளை, அந்தக் கோயில் இன்னும் இருக்கிறதா என்று கேட்பார். தலைப்புக்குள் போகவே இரண்டு நிமிடம் ஆகிவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் பேராக் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கிள்ளானில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி சட்டென்று குழாயை மூடுவாள். "அட, நம்ம லயத்து ஆளு!"

இந்த அக்கா அப்படித்தான் தன் சின்ன வயதுத் தோழியைக் கண்டுபிடித்தார். இருவரும் சங்காட் கிண்டிங் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். கல்யாணமாகி ஒருவர் இங்கே, ஒருவர் ஜொகூர். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு ஒரு காலை அந்தக் குரல் வானொலியில் வந்தது. "குரல அடையாளம் தெரியல. தோட்டத்துப் பேரச் சொன்னதும் கை நடுங்கிருச்சு" என்றார்.

தோட்டத்து ஆட்களுக்கு வானொலி ஆரம்பத்திலிருந்தே கூட்டமாகக் கேட்கிற பொருள். மலாயா வானொலி 1946 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கியது. 1948இல் வந்த அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரம் லயங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று அரசாங்கமே பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. பிரசாரத்தை எவ்வளவு பேர் நம்பினார்களோ, பாட்டையும் நாடகத்தையும் கேட்க வாசலில் பாய் விரித்தார்கள். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. தோட்டங்களுக்கு நேர்ந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன, அவை துண்டு துண்டாகக் கைமாறின. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்காரரான வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மிஞ்சிய ரப்பரும் செம்பனையாக, வீடமைப்புப் பகுதியாக மாறியது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஒரே பெரட்டில் நின்றவர்கள் நாலு மாநிலத்துக்குச் சிதறினார்கள். சிதறியவர்கள் காலையில் கூடுவதற்கு மிச்சம் இருந்த பெரட்டுக் களம் அந்தத் தொலைபேசி நிகழ்ச்சிதான்.

இப்போது அந்த இரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்கிறார்கள். பதினைந்து விநாடி ஓடுகிறது. பெயர் வருகிறது, ஊர் சில நேரம் வருகிறது, தோட்டம் வருவதே இல்லை. வேகம் வேண்டும், இளைஞர்கள் காரில் போகும்போது கேட்கிறார்கள், தினமும் அதே பத்துப் பேர்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள் என்று துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் விளக்கினார். அவர் பக்க நியாயமும் இருக்கட்டும்.

தஞ்சோங் ரம்புத்தான் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஓர் ஒட்டுக்கடை. அங்கே தே தாரிக்கை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னதுதான் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. அவர் இந்த ஊர் மனநல மருத்துவமனையில் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1911இல் தொடங்கிய மருத்துவமனை அது. அதனாலேயே நாடு முழுக்க இந்த ஊரின் பெயர் ஒரு கேலிச் சொல்லாகிவிட்டது. பெரியவர் அந்த நிகழ்ச்சிக்கு வருடக்கணக்கில் அழைத்தவர். ஒரு நாள் புதிதாக வந்த அறிவிப்பாளர் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்க, இவர் ஊரைச் சொன்னார்.

"அந்தப் பிள்ளை சிரிச்சிச்சு தம்பி. உள்ள இருந்தா, வெளிய இருந்தான்னு கேட்டுச்சு."

அவர் கோபித்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, வணக்கம் சொல்லித்தான் வைத்தார். அடுத்த முறை அழைத்தபோது "ஈப்போ" என்றார். அதற்கு அடுத்த முறை அழைக்கவே இல்லை. முப்பது வருடம் நோயாளிகளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, இரவு முழுக்கக் கண் விழித்த மனிதர். தன் ஊரைச் சொல்லக் கூசும்படி ஒரு சிரிப்பு செய்துவிட்டது. அழைத்தவரின் ஊர் எதுவென்று தெரிந்த அறிவிப்பாளராக இருந்திருந்தால், எந்த வார்டில் வேலை பார்த்தீர்கள் ஐயா என்று கேட்டிருப்பார். எத்தனை கதை வந்திருக்கும்!

2017 ஏப்ரல் 30ஆம் தேதி பிபிசி தமிழோசை தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. 1941இல் தொடங்கியது. அது நின்றபோது நேயர்கள் கண்ணீர் விட்டார்கள், எழுதினார்கள், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது செய்தியானது. இங்கே எதுவும் நிற்கவில்லை. நிகழ்ச்சி நாள்தோறும் ஒலிக்கிறது. அதனால் யார் போனார்கள் என்று எண்ணிப் பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு நிகழ்ச்சியைப் பற்றிய கவலைகூடக் குறைவு. தோட்டப் பெயர்களை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. கம்பெனி வைத்த பெயர் நில ஆவணத்தில் இருக்கும். சில பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. தோட்டமே போன பிறகும் பள்ளிப் பலகையில் தோட்டத்தின் பெயர் நிற்கிறது. ஆனால் நம் ஆட்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வைத்த பெயர்கள்? டிவிஷனுக்கு ஒன்று, லயத்துக்கு ஒன்று, ஆற்றோரத்து மேட்டுக்கு ஒன்று என்று வைத்தார்களே, அவை எந்த வரைபடத்தில் இருக்கின்றன? அந்தப் பெயர்களை மக்கள் உரக்கச் சொன்ன பொது இடம் இந்த நிகழ்ச்சி ஒன்றுதான். அந்தக் காலைகளின் பதிவுகளை யாராவது வைத்திருந்தால் உடனே பெட்டியைத் திறந்து எடுத்து வையுங்கள். கேசட்டில் பூஞ்சை பிடிப்பதற்குள் செய்யுங்கள். அதில் பேசியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை.

கிளம்பும்போது அக்கா இழுப்பறையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்து வந்தார். கடைக் கடன் எழுதுகிற அதே குட்டிப் புத்தகம். உள்ளே பென்சிலில், வானொலியில் கேட்ட பெயர்கள். "சங்காட் கிண்டிங், ரெண்டாவது லயம், மக தைப்பிங்." "செம்மோர், பழைய ஸ்டோர் பக்கம், புருசன் இல்ல." ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிலுவைபோல ஒரு கோடு. கேட்டேன். "செத்துட்டாங்க" என்றார். பாதிப் புத்தகத்துக்குப் பிறகு பெயர்கள் இல்லை. கேஸ் தோம்பு வாங்கிய தேதிகள் இருந்தன.

எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தை எடுக்கும்போது அவர் என் கையை நிறுத்தினார்.

"உங்க அப்பா எந்தத் தோட்டம் தம்பி?"

செம்மோர், ஸ்திராதிஸ்லா என்றேன். எந்த லயம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்றபடி அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக்கொண்டார்.