ஊட்டி ரோஜாவும் பாலாற்று உப்பும்

காட்பாடியில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால், காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ்ஸில் மலையேறி, ஆம்பூர் பக்கத்து விவசாயிகள் நாலு பேர் ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவுக்குப் போயிருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் பூவைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, எங்களில் மூத்தவர் மட்டும் குனிந்து செடியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மண்ணு மேல வெள்ளையா ஒண்ணுமே பூக்கலையேப்பா" என்றார். பாலாற்றங்கரைக்காரன் கண்ணு முதல்ல அங்கதான் போகும்.

ஊட்டி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டையொட்டி 1995 மே மாதம் இந்தப் பூங்காவைத் தொடங்கினார்கள். எல்க் ஹில் சரிவில் சுமார் 10 ஏக்கர். சரிவை வெட்டித் தள்ளி மட்டமாக்காமல், மலையின் வளைவோடு ஐந்து அடுக்காகப் படி கட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தில் 1,919 ரகம், 17,256 செடி. மேலே நிலா மாடத்தில் நின்றால் ஐந்து படியும் ஒரே பார்வையில் விரியும். சட்டைப் பொத்தான் அளவு பூவும் உண்டு, உள்ளங்கை நிறைய விரியும் பூவும் உண்டு. பச்சை ரோஜாவில் இதழே கிடையாது, இதழ் இருக்கவேண்டிய இடமெல்லாம் புல்லிவட்டம்தான். கறுப்பு ரோஜா என்று சொல்வது வெயிலில் பார்த்தால் அடர்ந்த சிவப்பு. 2006-ல் ஜப்பானின் ஒசாகாவில் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு இந்தப் பூங்காவுக்குச் சிறந்த தோட்டம் என்று விருது கொடுத்தது.

விருது தோட்டக்காரர்களுக்குச் சேரவேண்டியதுதான். ஆனால் பாதி வேலையை அந்த மலையே செய்துவிடுகிறது. 2,200 மீட்டர் உயரம், குளிர்ச்சி, லேசான புளிப்புத் தன்மையுள்ள மண். சரிவில் தண்ணீர் வேரடியில் தேங்காது. பெய்கிற மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

நம்ம பக்கம் கதை வேற. பூங்கா திறந்த மறு வருஷம், 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. அதன் பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் வேலை செய்தன. குரோமியத்தைக் கசடாகப் பிரித்துவிடலாம். பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் சாதாரண உப்பு இருக்கிறதே, தண்ணீரில் கரைந்தபின் அதைப் பிடிப்பது பெரும்பாடு. நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கியதை எந்த நிலையமும் திருப்பி எடுக்காது.

இந்த உப்பை முதலில் காட்டிக்கொடுக்கும் செடிகளில் ரோஜாவும் ஒன்று. தென்னை பொறுத்துக்கொள்ளும், ரோஜா பொறுக்காது. தண்ணீரின் இ.சி. 1-ஐத் தாண்டினாலே இலை ஓரம் கருகத் தொடங்கும். பல பேர் இதை நோய் என்று நினைத்து மோர்க்கரைசல், பஞ்சகவ்யா என்று மாற்றி மாற்றி அடிக்கிறோம். மோர்க்கரைசல் சாம்பல் நோய்க்குக் கேட்கும். உப்புக்குக் கேட்காது. அதனால் பூ பயிர் வைக்க நினைப்பவர்கள் நாற்று வாங்குவதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். செலவு கம்மி.

ரகமும் முக்கியம். ஊட்டியில் பார்த்து மயங்கிய ரகங்களில் பலதும் குளிர் தேசத்து வம்சம். நம்ம வெயிலில் வாடிப்போகும். கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் என்ற ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, சூடு தாங்கும் ரோஜா வேண்டும் என்று ரோசா கிளைனோபில்லா என்ற இந்தியக் காட்டு ரோஜாவை வைத்து வருஷக்கணக்கில் ஒட்டுச் சேர்த்தார். சமவெளிக்காரர்கள் கவனிக்கவேண்டிய வேலை அது. அதுவரைக்கும் நமக்கு எட்வர்டும் ஆந்திரா சிவப்பும்தான் கைகொடுக்கும்.

மூத்தவர் ஊட்டியில் ஒரு செடியும் வாங்கவில்லை. ஊருக்கு வந்ததும் எட்வர்ட் ரோஜாக் குச்சி நாலு நட்டார். ரெண்டுக்குக் கிணற்றுத் தண்ணி, ரெண்டுக்குப் பண்ணைக்குட்டை மழைத் தண்ணி. உரம் எல்லாத்துக்கும் ஒரே மக்கு எரு. மூணு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணி குடித்ததில் ஒன்று பட்டுப்போச்சு, இன்னொன்றுக்கு இலை ஓரமெல்லாம் கருகல். மழைத் தண்ணி குடித்தது ரெண்டுமே மொட்டு விட்டிருந்தது. இந்த வருஷம் குட்டையை இன்னும் ரெண்டடி ஆழப்படுத்தப் போகிறாராம்.