கார் கொதிக்கிறதா? எஞ்சினை மாற்றுமுன்...

வந்த புதிதில் நம்மவர் பலருக்கும் கைகொடுப்பது பாவித்த கார்தான். நாங்களும் ஒன்றை வாங்கினோம். ஸ்காபரோவுக்குள் ஓடியவரை ஒரு கரைச்சலும் இல்லை. சென்ற கோடையில் பிள்ளைகளுடன் நயாகராவுக்குப் புறப்பட்டபோது, 401 இல் வேகமெடுத்த சிறிது நேரத்தில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினோம். மூடியைத் திறக்கப் போன மகனின் கையைப் பிடித்து இழுத்தோம். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கராஜில் "எஞ்சின் போய்விட்டது" என்று ஒரு பெருந்தொகை சொன்னார்கள். எங்கள் இரண்டு மாத வாடகை அது! நாங்கள் உடனே சம்மதிக்கவில்லை. நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் பெரும்பாலும் விசிறியில் பிழை. ஓடும்போது ஏறினால் றேடியேற்றரைப் பார்க்கவேண்டும். எங்கள் காரில் நீர் குறையவில்லை, விசிறியும் சுற்றியது. சிறிது ஓடவிட்டு நிறுத்தி, றேடியேற்றரின் முகத்தருகே கையைப் பிடித்துப் பார்த்தோம். (கவனம், நிறுத்திய பின்னும் மின்விசிறி தானாகச் சுற்றக்கூடும்.) மேலே சுட்டது. நடுவிலும் கீழிலும் பல இடங்கள் குளிர்ந்திருந்தன. அங்கே நீர் ஓடவில்லை, உள்ளே அடைப்பு.

ஆறியபின் திறந்தால் துருநிறத் தண்ணீர். முன்னைய சொந்தக்காரர் வெறும் குழாய்த்தண்ணீரையே ஊற்றிவந்தார் போலும். ஊரில் லொறிக்குக் கிணற்றுநீர் ஊற்றிய பழக்கம் இங்கே உதவாது. குளிரில் உறைந்து எஞ்சினையே பிளந்துவிடும். உறையெதிர்ப்புத் திரவமும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய -37 பாகைவரை தாங்கும்.

றேடியேற்றரை மட்டும் மாற்றினோம். எஞ்சின் பழையதேதான், இன்றும் ஓடுகிறது. மிச்சத் திரவத்தை உயரத்தில் பூட்டி வையுங்கள். அது இனிக்கும் நஞ்சு, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.