ஜிப்சி ஜாஸ் கித்தார்: பொதுப்பாடல்களும் பயிலும் மரபும்

ஜிப்சி ஜாஸ் என்பது 1930களில் பாரிஸ் நகரில் உருவான ஓர் இசைப் பாணியாகும். அமெரிக்க ஜாஸ் இசை, பாரிஸின் நடனக் கூடங்களில் அக்கார்டியனில் வாசிக்கப்பட்ட மியூசெத் வால்ட்ஸ் இசை, ரோமா மக்களின் மரபிசை ஆகியவை இதில் கலந்துள்ளன. இதன் முதன்மைக் கருவி கித்தார். பிரான்ஸில் இதை ‘ஜாஸ் மனூஷ்’ என்று அழைக்கின்றனர். மனூஷ் என்பது அங்கு வாழும் ரோமா மக்களில் ஒரு பிரிவினரின் பெயர். ரோமானி மொழி இந்திய-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே இந்தப் பெயரும் நாம் பேச்சில் வழங்கும் ‘மனுஷன்’ என்ற சொல்லும் ஒரே வேரைக் கொண்டவை. ‘ஜிப்சி’ என்ற சொல்லை இழிவானதாகக் கருதுவோரும் உள்ளனர்.

தோற்றம்

இப்பாணியின் முன்னோடி ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910–1953). பெல்ஜியத்தில் பிறந்து, பாரிஸின் புறநகர் வண்டிக் குடியிருப்புகளில் வளர்ந்தவர். 1928ஆம் ஆண்டு அவரது வண்டியில் தீப்பிடித்தது. அதில் இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் கருகி மடங்கிப் போயின. மீதமிருந்த இரு விரல்களைக் கொண்டே தனி வாசிப்பு முறையை அவர் உருவாக்கிக்கொண்டார். 1934இல் வயலின் கலைஞர் ஸ்டீபன் கிராப்பெல்லியுடன் இணைந்து ஐவர் குழு ஒன்றை அமைத்தார். அக்குழுவில் மூன்று கித்தார்கள், ஒரு வயலின், ஒரு டபுள் பேஸ் இருந்தன, முரசு இல்லை. தாளத்தைத் தாங்கும் பொறுப்பு கித்தாருக்கு வந்தது இதனால்தான்.

பொதுப்பாடல்கள்

முன்பின் அறிமுகமில்லாத இரு கலைஞர்கள் சந்தித்தாலும், பாடலின் பெயரையும் சுருதியையும் சொன்னவுடன் சேர்ந்து வாசிக்கத் தொடங்கலாம். அனைவரும் அறிந்த பொதுப்பாடல் தொகுதி ஒன்று இருப்பதே இதற்குக் காரணம். அதை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

1. அமெரிக்கப் பாடல்கள்: ‘டைனா’, ‘ஆல் ஆஃப் மீ’, ‘ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்’ போன்றவை.
2. ஜாங்கோ தொடர்புடைய ஆக்கங்கள்: ‘ஜாங்கோலஜி’, ‘மைனர் ஸ்விங்’ (1937), ‘நுவாஜ்’ (1940) போன்றவை. ‘நுவாஜ்’ என்றால் மேகங்கள். ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்த காலத்தில் இப்பாடல் பெரும் புகழ் பெற்றது.
3. வால்ட்ஸ்கள்: ‘அந்திஃபெரான்ஸ்’ போன்ற, மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த அக்கார்டியன் ஆக்கங்கள்.
4. பிற்கால ஆக்கங்கள்: டொராடோ ஷ்மிட்டின் ‘பொஸ்ஸா டொராடோ’, ஸ்டோக்கெலோ ரோசன்பர்கின் ‘ஃபார் செஃபோரா’ போன்றவை.

தொடக்கநிலை மாணவருக்கு ‘மைனர் ஸ்விங்’ ஏற்றது. இதன் மனோதர்மப் பகுதி 16 தாள அளவுகள் கொண்ட ஒரு சுற்று. ஏ மைனர், டி மைனர், இ செவன் ஆகிய மூன்று கார்டுகளை அறிந்தாலே அதைச் சுற்றி வரலாம்.

தாள வாசிப்பு

இப்பாணியின் தாள வாசிப்பை ‘லா போம்ப்’ என்கின்றனர். இதன் பொருள் அடிபம்பு. ஒரு நான்கு எண்ணிக்கையில் ஒன்றும் மூன்றும் மென்மையாகவும், இரண்டும் நான்கும் அழுத்தமாகவும் குறுகியும் ஒலிக்க வேண்டும். கார்டை அடித்தவுடன் இடக்கை விரல்களைச் சற்றுத் தளர்த்தினால் ஒலி அறுபடும். கேட்க எளிதாகத் தோன்றினாலும், ஒரு பாடல் முழுவதும் வேகம் குறையாமல் இப்படி வாசிப்பது கடினம். தனி வாசிப்பில் தேர்ந்த ஒருவர் தாளத்தில் தடுமாறினால் குழுவே தடுமாறும். எனவே தாளம் முதலில், தனி வாசிப்பு பிறகு என்ற வரிசையே மாணவருக்கு நன்மை தரும்.

மீட்டும் முறை

தனி வாசிப்பில் மணிக்கட்டை வளைத்து, கித்தாரின் உடலில் ஊன்றாமல் மீட்டுகின்றனர். கீழ்நோக்கி மீட்டும்போது மீட்டுதகடு அடுத்த கம்பியில் போய்த் தங்கும். ஒரு கம்பியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பெரும்பாலும் கீழ்மீட்டலில் தொடங்குவர். ஒலிபெருக்கி இல்லாமலே நடனக் கூடத்தில் கேட்க வைக்கும் வலிமை இம்முறைக்கு உண்டு. 1932 முதல் பாரிஸின் செல்மர் நிறுவனம் தயாரித்த கித்தார்களும் இவ்வுரத்த ஒலிக்குத் துணைபுரிந்தன.

கேட்டுப் பயிலுதல்

ஜாங்கோவுக்கு இசைக்குறியீடு படிக்கத் தெரியாது. அவருக்குப் பின்னும் இவ்விசை பெரும்பாலும் குடும்பங்களுக்குள் செவிவழியாகவே கடத்தப்பட்டது. தந்தையோ மாமனோ முன்னே வாசிக்க, சிறுவர்கள் தாளம் போட்டுப் பழகினர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் இலட்சக்கணக்கான ரோமா, சிந்தி மக்களைக் கொன்றனர். எழுத்தில் இல்லாத ஒரு கலை அதை அறிந்தவர்களுடனேயே மறைந்துவிடக்கூடும். இவ்விசை தப்பிப் பிழைத்ததில் எஞ்சிய குடும்பங்களுக்கும் ஜாங்கோவின் இசைத்தட்டுகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

இன்று குறியீட்டு நூல்களும் காணொளிகளும் நிறைய உள்ளன. அவை நினைவுக்கு உதவும். ஆனால் தாளத்தின் அசைவைத் தாளில் முழுமையாக எழுத முடியாது. ஆகவே மாணவர் ஒரு பாடலைத் தேர்ந்து, பலமுறை கேட்டு, வாயால் முணுமுணுத்துப் பார்த்து, அதன் பின்னரே கித்தாரில் தேட வேண்டும். பத்துப் பாடல்களை இவ்வாறு மனத்தில் பதித்தவர் பிறருடன் அமர்ந்து வாசிக்கத் தயாராகிவிடுவார்.

ஜாங்கோ தம் இறுதிக் காலத்தைக் கழித்த சாமுவா-சூர்-சேன் என்ற பிரெஞ்சு ஊரில் 1968இல் அவர் நினைவு விழா முதன்முதலாக நடைபெற்றது. இவ்விழாவின்போது மேடைக்கு வெளியே முகாம்களில் கூடி இரவு முழுவதும் வாசிப்பதும் வழக்கமானது. மொழி தெரியாதவர்களும் அங்கே பொதுப்பாடல்களின் வழியாகவே உரையாடுகின்றனர்.