சந்தைக்காகப் பிறந்த ஊர்

தேன் நிறக் கல் வீடுகள், வளைவு வளைவாகத் தாழ்வாரம், நடுவே ஒரு சதுக்கம். பிரான்சின் தென்மேற்கில், தொர்தோஞ் பகுதியில் இருக்கும் மோன்பாசியேயின் படத்தைப் பார்க்கிறவர்கள் அதன் அழகில்தான் முதலில் மயங்குவார்கள். ஆனால் அந்த அழகு தானாக வந்ததில்லை. வரவு பார்த்து, மனை பிரித்து, திட்டம் போட்டுக் கட்டிய ஊர் அது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

1284-இல் இதை நிறுவியவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட். அவருக்குப் பிரான்சில் என்ன வேலை? 1152-இல் அக்கித்தேன் நாட்டுக் கோமகள் எலியனோர், பின்னாளில் இங்கிலாந்து அரசரான இரண்டாம் ஹென்றியை மணந்தார். அந்தக் கல்யாணத்தோடு வந்த மண் இது. பக்கத்திலேயே பிரெஞ்சு அரசரின் ஆதிக்கம். ஆளில்லாத எல்லையை யாரால் காப்பாற்ற முடியும்? இரு தரப்பும் புதிது புதிதாக ஊர்களை எழுப்பின. பஸ்தீத் எனப்படும் இத்தகைய ஊர்கள் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் 300-க்கும் மேல் தோன்றின.

ஊரைக் கட்டினால் போதுமா, ஆள் வர வேண்டாமா? வருகிறவர்களுக்கு மனை கொடுத்தார்கள். பிரபுக்களின் பழைய பிடிகள் பலவற்றிலிருந்து விடுதலையும் கொடுத்தார்கள். பதிலுக்கு மனை வாடகையும் சந்தைச் சுங்கமும் ஆள்பவருக்கு. அதனால்தான் ஊரின் நடுவே சந்தைச் சதுக்கம். தேவாலயம்கூடச் சற்றுத் தள்ளித்தான் நிற்கிறது. சதுக்கத்தின் ஓரத்தில் மரத்தூண்கள் தாங்கும் சந்தைக் கூடத்தில் பழைய தானிய அளவைகளை இன்றும் பார்க்கலாம். வியாழக்கிழமைச் சந்தையும் நின்றுபோகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வீடுகளுக்கு நடுவே விட்ட இடுக்குகள். ஒரு முழம்கூட அகலமில்லை, ஆள் நுழைவதே கஷ்டம். பக்கத்துப் பக்கத்து வீடுகளானாலும் பொதுச் சுவர் கிடையாது. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குச் சட்டென்று தாவாது. கூரைத் தண்ணீரும் அதன் வழியே வடிந்துவிடும். 400 மீட்டர் நீளம், 220 மீட்டர் அகலத்துக்குள் தெருக்களை நேர்கோட்டில் போட்டவர்கள், இவ்வளவு சின்ன விஷயத்தையும் யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

இத்தனை யோசித்துக் கட்டிய சதுக்கம் கொடுமையையும் பார்த்திருக்கிறது. 1637-இல் இந்த வட்டாரத்து விவசாயிகள் வரிச்சுமை தாளாமல் ஆயுதம் ஏந்தினார்கள். அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான புஃபரோவை இங்கேதான், சக்கரத்தில் கட்டி எலும்பை நொறுக்கிக் கொன்றார்கள். சுங்கம் வசூலிக்கவென்று வகுத்த இடத்திலேயே, வரியை எதிர்த்தவருக்கு அந்தத் தண்டனை. அவர் பெயரை விட்டுவிட்டு வளைவுகளின் அழகை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.