விடை சொல்ல வந்த டெலிபோன்! தோழியைக் காப்பாற்றிய டென்னிஸ் ஜோடி

1995-ம் ஆண்டு ஒரு நாள். ஏஞ்சலா பக்ஸ்டன் வீட்டில் டெலிபோன் மணி அடித்தது.

ஏஞ்சலா இங்கிலாந்து நாட்டு பழைய டென்னிஸ் வீராங்கனை. 60 வயதைத் தாண்டியவர். ஓடிப்போய் எடுத்தார்.

மறுமுனையில் அமெரிக்காவில் இருந்து பேசியவர் ஆல்தியா கிப்சன். விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை 2 முறை வென்றவர். இங்கிலாந்து ராணியின் கையால் பரிசு வாங்கியவர்.

அப்பேர்ப்பட்டவர் எதற்காக டெலிபோன் செய்தார் தெரியுமா? விடை பெற!

உடம்பு கெட்டுவிட்டது. வாடகை கொடுக்கப் பணம் இல்லை. மருந்து வாங்க வழி இல்லை. உயிரை முடித்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னார்.

ஏஞ்சலா பதறிப் போனார். 39 ஆண்டுகளுக்கு முன்பு தன் பக்கத்தில் நின்று ஆடிய தோழி ஆயிற்றே!

பருத்திக்காட்டுப் பெண்

ஆல்தியா கருப்பர் இனத்தவர். 1927-ல் அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் பருத்திக்காட்டில் வாரத்துக்குப் பாடுபட்டவர்கள். பிழைப்பு தேடி குடும்பம் நியூயார்க் நகருக்கு வந்தது. ஹார்லெம் பகுதியில் தெருவில் மட்டை பிடித்து விளையாடிய பெண், டென்னிசுக்கு வந்தார்.

ஆனால் அமெரிக்காவின் பெரிய போட்டியில் கருப்பர்களுக்கு இடம் இல்லை. வெள்ளைக்கார முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள், "இது என்ன நியாயம்?" என்ற ரீதியில் பத்திரிகையில் சூடாக எழுதினார். அதன் பிறகுதான் 1950-ல் கதவு திறந்தது.

ஏஞ்சலாவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். லிவர்பூலில் பிறந்த யூதப் பெண். வீட்டில் வசதி உண்டு. ஆனால் லண்டனில் ஒரு டென்னிஸ் கிளப்பில் சேரப் போனபோது, ஆட்டத்தில் குறை இல்லை, யூதர் என்பதுதான் குறை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நம் நாட்டில் பழக்கம்

இவர்கள் இருவரும் பழகியது எங்கே என்றால் ஆச்சரியப்படுவீர்கள். இந்தியாவில்!

அமெரிக்க அரசு 1955-ம் ஆண்டு கடைசியில் 4 டென்னிஸ் வீரர், வீராங்கனைகளை நல்லெண்ணப் பயணமாக ஆசியாவுக்கு அனுப்பியது. அதில் ஆல்தியாவும் ஒருவர். அந்தப் பயணத்தில் இந்தியா வந்தபோது, இங்கே ஆட வந்திருந்த ஏஞ்சலாவுடன் பேச்சுக் கொடுத்தார். ஒருவர் பட்ட அவமானம் மற்றவருக்குச் சொல்லாமலே புரிந்தது.

ஆல்தியாவோடு ஜோடி சேர ஆள் இல்லை. ஏஞ்சலாவுக்கும் நிலையான ஜோடி இல்லை. 1956-ல் இருவரும் சேர்ந்தார்கள்.

இரட்டையர் ஆட்டம் என்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. தன் பந்து எது, தோழியின் பந்து எது என்று கண் இமைக்கும் நேரத்தில் தெரிய வேண்டும். மனசு ஒட்டாத ஜோடி பாதியில் கவிழ்ந்துவிடும். 5 அடி 11 அங்குல உயரமுள்ள ஆல்தியா வலை அருகே நின்று அடித்து நொறுக்குவார். ஏஞ்சலா சளைக்காமல் பந்தைத் திருப்பி அனுப்புவார்.

பாரீசில் வெற்றி

பாரீசில் பிரெஞ்சுப் போட்டி. ஒற்றையர் அரை இறுதியில் இந்தத் தோழிகளே நேருக்கு நேர் மோதினார்கள். ஆட்டத்தின் நடுவே ஆல்தியாவின் உள்ளாடைப் பட்டை அறுந்தது. ஏஞ்சலா ஓடிவந்து மறைத்து, உடை மாற்றும் அறைக்கு அழைத்துப் போனார். அனுமதி இல்லாமல் வெளியேறியதால் ஆல்தியா தோற்றதாக அறிவிக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. "அப்படிப்பட்ட ஜெயிப்பு எனக்கு வேண்டாம்" என்ற நிலையில் ஏஞ்சலா உறுதியாக நின்றார். ஆட்டம் தொடர்ந்தது. ஜெயித்தது ஆல்தியா! அவரே பட்டத்தையும் வென்றார்.

இரட்டையர் இறுதி ஆட்டத்தில் அமெரிக்க ஜோடி டார்லின் ஹார்டு-டோரதி நோடை எதிர்த்தார்கள். முதல் செட் 6-8 என்று போனது. அந்தக் காலத்தில் டை-பிரேக் கிடையாது. 2 கேம் முந்தும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த செட்டை 8-6 என்று மல்லுக்கட்டிப் பிடித்தார்கள். கடைசி செட் 6-1. கோப்பை கைக்கு வந்தது.

அடுத்தது விம்பிள்டன். இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் பே முல்லர்-டாப்னி சீனி ஜோடியை 6-1, 8-6 என்று வீழ்த்தினார்கள்.

மறுநாள் பத்திரிகையில் "சிறுபான்மையினர் வெற்றி" என்று பொடி எழுத்தில் ஒரு தலைப்பு. அவ்வளவுதான் வந்தது என்று ஏஞ்சலா பிற்காலத்தில் சொன்னார். விம்பிள்டன் போட்டியை நடத்தும் கிளப்பில் உறுப்பினராக விண்ணப்பித்தும் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதும் அவர் மனக்குறை.

கோப்பை உண்டு, காசு இல்லை

மணிக்கட்டுக் கோளாறால் ஏஞ்சலாவின் ஆட்டம் 1957-ல் முடிந்துபோனது. அப்போது வயது 22.

ஆல்தியா 1957, 1958 ஆகிய 2 ஆண்டுகளிலும் விம்பிள்டன், அமெரிக்கா இரண்டிலும் ஒற்றையர் பட்டம் வென்றார். நியூயார்க்கில் காகிதத் துணுக்குகள் மழையாய்க் கொட்ட ஊர்வலம் நடந்தது.

ஆனால் எல்லாம் அமெச்சூர் ஆட்டம். பரிசுப் பணம் கிடையாது. கோப்பையைக் காட்டினால் வீட்டுக்காரர் வாடகையைத் தள்ளுபடி செய்வாரா? மளிகைக் கடையில் அரிசிதான் போடுவார்களா? விம்பிள்டனில் பரிசுப் பணம் வந்தது 1968-ல். அதற்கு 10 ஆண்டு முன்பே ஆல்தியா அமெச்சூர் ஆட்டத்தில் இருந்து விலகிவிட்டார்.

பாட்டுப் பாடி இசைத்தட்டு வெளியிட்டார். சினிமாவில் நடித்தார். கோல்ப் ஆடினார். எதிலும் பெரிதாகச் சேரவில்லை. முதுமையில் நோயும் வறுமையும் சேர்ந்துகொண்டன.

கவர் கவராகப் பணம்

டெலிபோனை வைத்த ஏஞ்சலா அழுதுகொண்டு உட்காரவில்லை. முதலில் தன் பணத்தை அனுப்பினார். பிறகு அமெரிக்காவில் வெளிவந்த "டென்னிஸ் வீக்" பத்திரிகையில், தோழியின் நிலையை விளக்கும் கடிதம் வெளியாக ஏற்பாடு செய்தார்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். நியூஜெர்சியில் ஆல்தியாவின் தபால் பெட்டி நிரம்பி வழிந்தது. கவர் கவராகப் பணம்! ஏறக்குறைய 10 லட்சம் டாலர் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள்.

போகிறேன் என்று சொன்ன ஆல்தியா அதன் பிறகு 8 ஆண்டுகள் வாழ்ந்தார். 2003 செப்டம்பர் 28-ந் தேதி, 76-வது வயதில் காலமானார்.

2019-ல் அமெரிக்க ஓபன் நடக்கும் மைதானத்தில் ஆல்தியாவுக்குச் சிலை திறந்தார்கள். 85 வயது ஏஞ்சலா அந்த விழாவுக்கு நேரில் வந்திருந்தார்.

மறு ஆண்டு ஆகஸ்டில் அவரும் கண்ணை மூடினார்.