எந்தக் கடலில் இறங்கலாம்?

அந்தமான் போகும் குடும்பங்களின் பட்டியலில் ஸ்கூபா டைவிங் இன்று தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் குதிக்கும் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது வண்ணப்படம் அல்ல; குடும்பத்தின் வயதும் உடம்பும்.

பயண ஏஜெண்டுகளின் வழவழப்பான பிரசுரங்களில் எல்லாக் கடலும் ஒரே நீலம்தான். ஆரஞ்சு நிறக் கோமாளி மீன், விரிந்த பவளப்பாறை, முகமூடிக்குப் பின்னால் சிரிக்கும் ஒரு முகம். கீழே சிறிய எழுத்தில்: 'ஸ்கூபா டைவிங் உண்டு'. எங்கே, எவ்வளவு ஆழத்தில், யாருடைய பொறுப்பில் என்ற விவரங்கள் மட்டும் அதில் இருப்பதில்லை.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பல் என்றால் மூன்று நாள். போய் இறங்கினால் அந்நிய மண்ணாகவும் தெரியாது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகையில் சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். அரைப் பரீட்சை விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து குவிவதில் ஆச்சரியமில்லை.

வருகிற குடும்பத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் சிக்கல் புரியும். நாற்பத்தைந்து வயது அப்பாவுக்கு லேசான ரத்தக்கொதிப்பு. அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. மகளுக்கு வயது பன்னிரண்டு, பயம் என்பதே இல்லை. மகனுக்கு எட்டு, அக்கா செய்வதை எல்லாம் தானும் செய்ய வேண்டும். கூடவே முட்டிவலியுடன் பாட்டி. இந்த ஐந்து பேருக்கும் பொருந்தும் ஒரே கடல் இல்லை. 'சிறந்த இடம் எது?' என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'யாருக்கு?' என்பதுதான்.

நான்கு வாசல்கள்

முதல் வாசல், தலைநகருக்கு எதிரிலேயே இருக்கும் நார்த் பே. (போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது.) பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறம் இருந்த தென்னைகளும் கலங்கரை விளக்கமும் இந்தக் கரைதான். படகில் சிறிது நேரத்தில் போய்விடலாம். ஸ்கூபா, தலையில் பெரிய கவசம் மாட்டிக்கொண்டு கடலடியில் நடக்கும் 'சீ வாக்', கண்ணாடி அடித்தளப் படகு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு வசதி. ஆனால் கூட்டமும் அவசரமும் இங்கே அதிகம். அடுத்த குழு காத்திருக்கும்போது, பயந்துபோன ஒருவருக்காகப் பொறுமை காட்டுவது எந்தப் பயிற்சியாளருக்கும் எளிதல்ல.

இரண்டாவது, ஹேவ்லாக். 2018 டிசம்பர் முதல் அரசுப் பதிவேட்டில் ஸ்வராஜ் தீவு. தலைநகருக்கு வடகிழக்கே சுமார் 40 கி.மீ. இந்தியாவின் டைவிங் தலைநகர் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. கற்றுக்குட்டியிலிருந்து கைதேர்ந்தவர் வரை எல்லோருக்கும் இங்கே இடம் உண்டு என்பதுதான் இதன் பலம். கரையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய நெமோ ரீஃப் முதல் முயற்சிக்கு ஏற்றது. இடுப்பளவு தண்ணீரில் நின்று மூச்சுவிடப் பழகி, பிறகு மெல்ல ஆழத்துக்குப் போகலாம். நடுங்கினால் கரை பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்களுக்கோ டிக்ஸன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற ஆழமான இடங்கள். கடலைத் தங்கள் கொல்லைப்புறம் போல் அறிந்த கரேன் இனத்தவரின் பெயர்கள் இவை. 1925இல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய சமூகம் அது. இங்கே பாறைகளைச் சுற்றிச் சீலா மீன் கூட்டங்களும் திருக்கைகளும் தென்படும். நீரோட்டமும் வலுவாக இருக்கும். முதல் முறை இறங்குபவர்களுக்கு இங்கே வேலையில்லை.

மூன்றாவது, நீல் தீவு. இப்போது ஷஹீத் தீவு. ஹேவ்லாக்கைவிடச் சிறியது, அமைதியானது. இதைச் சுற்றியுள்ள கடற்புல் வெளிகளில் ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடற்பசு மேய்வதுண்டு. யூனியன் பிரதேசத்தின் மாநில விலங்கும் அதுதான். அதைப் பார்த்தே தீர்வோம் என்று கிளம்புபவர்கள் ஏமாறக்கூடும். ஆனால் அவசரமில்லாத பயிற்சிக்கு இது நல்ல இடம்.

நான்காவது வாசலில் சிலிண்டரே வேண்டாம். தலைநகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் வண்டூர். 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குப் படகு இங்கிருந்துதான் புறப்படுகிறது. ஆண்டின் சில மாதங்கள் ஜாலி பாய் தீவு, மற்ற மாதங்களில் ரெட் ஸ்கின் தீவு என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள், பவளப்பாறைக்கு ஓய்வு வேண்டுமே! வனத்துறை அனுமதி தேவை. பிளாஸ்டிக் விஷயத்தில் கெடுபிடி உண்டு. கண்ணாடி அடித்தளப் படகில் அமர்ந்தபடியே பாட்டி பவளத்தைப் பார்த்துவிடலாம். எட்டு வயது மகன் லைஃப் ஜாக்கெட்டுடன் மிதந்தபடி, முகமூடியும் மூச்சுக்குழாயுமாக ஸ்நார்கெலிங் செய்யலாம்.

ஐந்தாவதாக ஒரு பெயரும் பிரசுரங்களில் மின்னும்: பாரன் தீவு. இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. எரிமலைச் சாம்பல் படிந்த சரிவுகளும் தெளிந்த நீரும் அனுபவசாலிகளைக் கிறங்கடிக்கும். குடும்பங்கள் படத்தில் ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் பத்து மீட்டர்

'ஆழமே இல்லை சார், பயப்படாதீர்கள்' என்பது படகுத்துறையில் அடிக்கடி கேட்கும் சமாதானம். பாதி உண்மை. கடல் மட்டத்தில் நம்மை அழுத்தும் காற்றின் அழுத்தம், பத்து மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகிறது. அதற்குக் கீழே இன்னொரு மடங்கு கூட மேலும் பத்து மீட்டர் போக வேண்டும். அதாவது உடம்பு சந்திக்கும் மிகப் பெரிய மாறுதல் மேல்மட்டத்தில்தான் நடக்கிறது.

பத்து மீட்டரில் நிறைத்த மூச்சை வெளியே விடாமல் ஒருவர் மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். பலூனுக்கு நேர்வது நுரையீரலுக்கும் நேரும். எனவேதான் ஸ்கூபாவின் முதல் விதி: மூச்சை ஒருபோதும் அடக்காதே. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் குளித்தவர்களின் திறமை மூச்சை அடக்குவதில் இருந்தது. ஸ்கூபா அதற்கு நேர் எதிரான வித்தை. மேலே இழுத்த மூச்சோடு போய்த் திரும்புகிறவருக்கு இந்த ஆபத்து இல்லை. அழுத்தப்பட்ட காற்றை ஆழத்தில் சுவாசிப்பவருக்குத்தான் உண்டு. சிலிண்டரில் இருப்பது பலரும் நினைப்பதுபோல் ஆக்ஸிஜன் அல்ல. அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான்.

காதுக்கும் ஒரு விதி. இறங்க இறங்க மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, நடுக்காதின் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் இது நடக்காது. அன்றைக்குக் கரையில் உட்கார்ந்திருப்பதே புத்திசாலித்தனம்.

அறிமுக டைவிங்குக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் கூடவே இருப்பார். உலகெங்கும் பின்பற்றப்படும் விதிகளின்படி கடலில் இதற்குக் குறைந்தபட்ச வயது 10, ஆழம் 12 மீட்டருக்குள். ஆகவே பன்னிரண்டு வயது மகள் இறங்கலாம், நீச்சல் தெரியாத அம்மாவும் இறங்கலாம். எட்டு வயது மகன் கூடாது. எத்தனை அடம் பிடித்தாலும். மூன்று நான்கு நாள் செலவிட்டு 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் வாங்க விரும்பினால் மட்டும் 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். அதன் பின் 18 மீட்டர் வரை போகலாம்.

படிக்காமல் போடும் கையெழுத்து

குடும்பங்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் கடலில் அல்ல, காகிதத்தில். டைவிங்குக்கு முன் ஆங்கிலத்தில் ஒரு மருத்துவப் படிவம் நீட்டப்படும். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா, கர்ப்பமா, காதில் தொல்லையா? படகு கிளம்பும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர்கள் ஏராளம். பணம் கட்டியாகிவிட்டது, குழந்தைகள் எதிரில் பின்வாங்க வெட்கம். நம் அப்பாவின் லேசான ரத்தக்கொதிப்பு இந்த இடத்தில்தான் காணாமல் போகிறது. ஒரு கேள்விக்கு 'ஆம்' என்றால் வாய்ப்புப் பறிபோய்விடும் என்பதில்லை. மருத்துவரின் ஒப்புதல் கேட்பார்கள். அதை ஊரிலேயே வாங்கி வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

படிவத்தை நீட்டுபவரிடமும் கேள்விகள் கேட்க வேண்டும். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முதல் முறை என்றால் ஒருவருக்கு ஒருவர் என்பதே நல்லது. அவரது சான்றிதழ் எது, நடப்பில் உள்ளதா? படகில் அவசர உதவிக்கு ஆக்ஸிஜன் இருக்கிறதா? எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா? பாடம் தமிழில் சொல்ல ஆள் கிடைப்பாரா? கடைசிக் கேள்வி சொகுசு அல்ல. தண்ணீருக்குள் பேச்சு கிடையாது, சைகைதான். கட்டைவிரலை உயர்த்தினால் ஊரில் 'பிரமாதம்' என்று பொருள். கடலுக்கு அடியில் 'மேலே போகலாம்' என்று பொருள். சௌக்கியம் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். புரியாத மொழியில் அரைகுறையாகக் கேட்ட பாடம் அங்கே கைகொடுக்காது.

இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் 2014 ஜனவரி 26ஐ நினைத்துக்கொள்ளலாம். ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் இடையே 'அக்வா மரைன்' என்ற சுற்றுலாப் படகு மூழ்கியது. 25 பேர் ஏற வேண்டிய படகில் நாற்பதுக்கும் மேற்பட்டோர். குறைந்தது 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். ஸ்கூபாவுக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அங்கே போகும் வழி அதே மாதிரிப் படகுதான். 2010இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கெலிங் செய்த அமெரிக்கப் பெண்ணை உப்புநீர் முதலை கொன்றது. முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்த பிறகும் இறங்குபவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த நாள்?

இடத்தைப் போலவே நாளும் முக்கியம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி. மே நடுவில் பருவமழை நெருங்கும்போது அலையும் கலங்கலும் தொடங்கிவிடும். கோடை விடுமுறையில் வருபவர்கள் ஏப்ரலைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

பயணத் திட்டத்துக்குள்ளும் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால் குறைந்த அழுத்தத்தில் அது குமிழிகளாகி, மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கலாம். ஒரே ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை இறங்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கவலையே இல்லை. கடைசி நாள் காலையில் டைவிங், மாலையில் சென்னை விமானம் என்று போட்டுக் கொடுக்கும் பேக்கேஜை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். முதல் நாள் செல்லுலார் சிறை, இரண்டாம் நாள் ஹேவ்லாக், மூன்றாம் நாள் காலை டைவிங், பிறகு நீல், வண்டூர் என்று அமைத்தால் கடலுக்கும் விமானத்துக்கும் இடையே போதிய இடைவெளி கிடைக்கும். ஒரு நாள் காற்றடித்தாலும் மறுநாள் கைவசம் இருக்கும்.

அந்தமானே வேண்டும் என்பதும் இல்லை. புதுச்சேரியில் அறிமுக டைவிங் கிடைக்கிறது, தண்ணீரின் தெளிவு மட்டும் நாளுக்கு நாள் மாறும். கர்நாடகத்தின் முருடேஸ்வரத்திலிருந்து நேத்ராணித் தீவுக்குப் போகலாம். லட்சத்தீவின் தெளிந்த காயல்களுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இரண்டே நாள் விடுமுறை உள்ளவர் புதுச்சேரியில் முதல் மூச்சைப் பழகிவிட்டு, அடுத்த ஆண்டு அந்தமான் போவது நல்ல யோசனை.

பார்க்கப் போகும் பொருளும் நிரந்தரமல்ல. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமானில் தரை உயர்ந்து, பவளப்பாறைகள் பல தண்ணீருக்கு வெளியே வந்து மடிந்தன. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பவளத்துக்கு நிறத்தையும் உணவையும் தரும் நுண்பாசி, வெப்பம் தாங்காமல் வெளியேறுவதுதான் இந்த வெளுப்பு. மீண்டு வர ஆண்டுகள் பிடிக்கும்; ஒரு சுற்றுலாப் பயணியின் கால் ஒரு நொடியில் உடைத்துவிடும். நினைவுக்காக ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்வது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடினப் பவளங்கள் புலிக்கு நிகரான முதல் அட்டவணையில் உள்ளன.

அம்மாவும் மகளும் நெமோ ரீஃபில், மகன் ஜாலி பாயில், பாட்டி கண்ணாடிப் படகில் என்று ஒரே குடும்பம் மூன்று விதமாகக் கடலைப் பார்த்துத் திரும்பலாம். மருத்துவரின் ஒப்புதல் கிடைக்காத அப்பா கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கடல் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.